காவலரும் நகைச்சுவையும்
கூத்து முதல் திரைப்படம் வரை

சிம்பாங் அம்பாட், பத்து காவான், சுங்கை பாக்காப் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் ஒன்று இருந்தது. மாலையில் பால்வெட்டு வேலையின் களைப்பு நீங்கக் குளித்து, பாயும் பலகையும் கொண்டுவந்து மக்கள் அமர்வர். கதாநாயகன் தோன்றும்போது கைதட்டல் எழும். தாய் அழும்போது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வர். ஆனால் சிறியோரும் பெரியோரும் ஒருங்கே வாய்விட்டுச் சிரித்த இடங்களுள் ஒன்று, சீருடை அணிந்த காவலர் வழுக்கி விழும் இடமாகும். அத் திடல்களுட் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அச் சிரிப்போ மாறவில்லை. அன்று துணித்திரையைப் பார்த்துச் சிரித்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று கைப்பேசியைப் பார்த்து அதே காட்சிகளுக்கு அதே இடத்திற் சிரிக்கின்றனர்.

இந் நகையின் காரணம் யாது? நேரில் கண்டால் அஞ்சி ஒதுங்கும் ஒருவரைத் திரையிற் கண்டால் மட்டும் ஏன் மக்கள் சிரிக்கின்றனர்? நூறாண்டுக்கு மேலாகியும் அச் சுவை ஏன் புளிக்கவில்லை? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், திரைப்படம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே தொடங்க வேண்டும்.

பழைய நூல்களிற் காவலர்

மெய்ப்பாடுகள் எட்டனுள் தொல்காப்பியர் முதற்கண் வைத்தது நகை. அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்பதும் அவர் கருத்து. பிறரை இகழ்தலும் பிறரால் இகழப்படுதலும் ஒன்று, சிறுபிள்ளைத்தனம் ஒன்று, அறிவின்மை ஒன்று, எதனையும் ஆராயாது பற்றிக்கொள்ளும் மடமை ஒன்று. இந் நான்கனையும் ஒரே ஆளிடத்திற் காட்டுதற்கு ஏற்ற உருவம் எது என்று கூத்தரும் நாடகப் புலவரும் தேடியபோது, அவர்கள் கண்ணிற் பட்டவருள் காவலரும் ஒருவர்.

காளிதாசரின் சாகுந்தலத்தை அறியாத தமிழாசிரியர் இலர். மறைமலையடிகள் 1907இல் அதனைத் தமிழிற் பெயர்த்தார். அந் நாடகத்தின் ஆறாம் பகுதி தொடங்குமிடத்தில் ஒரு சிறு காட்சி உண்டு. மீன் வயிற்றில் கிடைத்த அரசனது மோதிரத்தை விற்க வந்த செம்படவனைக் காவலர் இருவர் கைகட்டி இழுத்துவருகின்றனர். அவர்தம் தலைவன் அரசனுக்கு மைத்துனன் முறையினன். செம்படவனைக் கொல்லும் ஆணை எப்போது வரும், தம் கைத்தினவு எப்போது தீரும் என்று காவலர் காத்திருக்கின்றனர். அரண்மனைக்குச் சென்று திரும்பிய தலைவனோ, கொலையாணைக்கு மாறாக மோதிரத்தின் விலைக்கு நிகரான பரிசிலைக் கொணர்கிறான். செம்படவன் அதிற் பாதியைக் காவலருக்கு ஈகிறான். அந் நொடியே கள்வன் நண்பனாகிவிடுகிறான். எல்லோரும் சேர்ந்து கட்கடைக்குப் போகின்றனர். அடியும் உதையும் அன்பாக மாறுதற்கு இடையே நின்றது சிறு பணமுடிப்பு ஒன்றே. ஆயிரத்தைந்நூறு ஆண்டு கடந்த இக் காட்சியை இன்று நடித்துக் காட்டினாலும் அவையோர் விளக்கம் கேளாமலே சிரிப்பர்.

காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய மத்தவிலாசம் என்னும் வடமொழி நகை நாடகமும் இவ்வகையினதே. காபாலிகன் ஒருவனது மண்டையோட்டுக் கலம் காணாமற் போகிறது. பௌத்தத் துறவிமேல் அவன் பழி சுமத்துகிறான். முறைமன்றம் செல்லலாம் என்ற பேச்சு எழும்போது, பொருளுடையோர் அங்குள்ள அலுவலர் வாயை நிரப்பிவிடுவர், ஏழைக்கு அங்கு வழியில்லை என்ற குறிப்பு வெளிப்படுகிறது. உண்மையில் கலத்தைக் கவ்விச் சென்றது நாய். தன் நாட்டு முறைமன்றத்தைத் தானே எள்ளி எழுதியவன் முடிமன்னன் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தெருக்கூத்திலும் இவ்வுரிமை கட்டியக்காரனுக்கு உண்டு. அவன் அரசன் வருகையைக் கூறும் பணியாள். வேண்டும்போது வாயில் காப்போனாகவும் தூதனாகவும் அமைச்சனாகவும் ஆவான். அரியணையில் அமர்ந்திருக்கும் துரியோதனனை அவன் அருகில் நின்றே கேலி செய்வான். அவன் சிரிக்க வைப்பது தன்னை மட்டுமன்று. தான் காவல் செய்யும் அரசனையும்தான். இதனை மனத்திற் கொள்க. பின்னர் இது தேவைப்படும்.

இவற்றின் மறுபுறத்தைக் காட்டுவது சிலப்பதிகாரம். பொற்கொல்லன் கோவலனைச் சுட்டிக் காட்டியபோது காவலர் எல்லோரும் உடனே வாளை உருவவில்லை. இவன் தோற்றம் கள்வனுடையதன்று என்று ஒருவன் ஐயுறுகிறான். பொற்கொல்லன் கள்வரின் திறங்களை அடுக்கி அவன் ஐயத்தை நகையாடுகிறான். இன்னொருவன் தான் கண்ட கள்வனைப் பற்றிக் கதை கூறுகிறான். இப்படிப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, கல்வியும் தெளிவும் இல்லாத குடியன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சாகுந்தலத்தில் உள்ள காவலருக்கும் இவர்களுக்கும் வேறுபாடு மிகச் சிறிது. அங்கே ஆணை வரக் காலம் தாழ்ந்தது, உண்மை வெளிப்பட்டது, நகைச்சுவையாயிற்று. இங்கே ஆணை முந்திக்கொண்டது, உண்மை பிந்தியது, மதுரை எரிந்தது. காவலர் நகைச்சுவைக்கும் அவலத்துக்கும் இடையே உள்ள தொலைவு அவ்வளவே. மக்கள் அதனை உள்ளுர அறிந்திருப்பதால்தான் அந் நகைக்கு இத்துணை ஆற்றல் வந்தது.

பினாங்கும் காவற்படையும்

இக்காலக் காவற்படை வேறு வகையினது. ஆங்கிலேயர் ஆட்சியோடு வந்தது. மலேசியக் காவல்துறையின் தோற்றத்தைப் பினாங்கிலிருந்தே கணக்கிடுவது வழக்கம். 1807ஆம் ஆண்டு மார்ச் 25இல் இத் தீவுக்கு வழங்கப்பட்ட நீதிப் பட்டயத்தை அடிப்படையாகக் கொண்டே, ஆண்டுதோறும் மார்ச் 25 காவலர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மலாய் மொழியிற் காவலருக்கு முற்காலத்தில் வழங்கிய பெயர் ‘மாத்தா-மாத்தா’ என்பது. ‘மாத்தா’ என்றால் கண். காவலர் அரசின் கண்கள் என்பது பெயர்க்காரணம் போலும். ஒற்றரை அரசனுக்குக் கண்ணாகக் கூறிய திருவள்ளுவர் கருத்தோடு இஃது ஒத்து நிற்றல் காண்க. கண் என்ற பெயர் பெற்றவர் கண்முன் நடப்பதைக் காணாது நின்றால் என்னாகும்? காவலரைப் பற்றிய நகைச்சுவைகளுட் பல இவ்வொரு முரணிலிருந்து கிளைத்தவையே.

கீஸ்டோன் காவலர்

திரைப்படத்தில் இம் முரணை முதலில் பெருவழக்காக்கியவர் அமெரிக்கரான மாக் செனட். அவர் 1912இல் கீஸ்டோன் என்னும் படநிறுவனத்தைத் தொடங்கினார். அங்குப் பிறந்த காவலர் கூட்டம் ‘கீஸ்டோன் காவலர்’ என்று உலகப் புகழ் பெற்றது. ஒருவன் ஓடுவான், பத்துப் பேர் துரத்துவர். ஒரே வண்டியில் அளவுக்கு மிஞ்சித் தொற்றிக்கொள்வர், வளைவில் உதிர்வர், எழுந்து மீண்டும் ஓடுவர். பேச்சில்லாப் படங்கள் ஆதலின் எந்நாட்டாருக்கும் விளங்கின.

இவ்வகை அடிதடி நகைச்சுவைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்னும் பெயர், பழைய இத்தாலிய நாடக மேடையிற் பயன்பட்ட ஒரு கருவியின் பெயர். இரு பலகைகளைச் சேர்த்துச் செய்த தடி அது. மெல்ல அடித்தாலும் பேரோசை எழும். அடிபட்டவனுக்கு நோவு இராது. இச் சுவையின் இலக்கணம் முழுவதும் அத் தடியிலேயே அடங்கியுள்ளது. ஓசை உண்டு, நோவு இல்லை. உண்மை உலகிற் காவலர் தடிக்கு நோவு உண்டு என்பதை அறிந்தவனுக்கே, நோவற்ற அத் தடி பேரின்பம் தரும்.

கீஸ்டோன் படங்களில் மற்றொன்றையும் உற்றுநோக்க வேண்டும். அங்கே கடைநிலைக் காவலன் மட்டும் பேதையல்லன். ஃபோர்டு ஸ்டெர்லிங் நடித்த காவற்றலைவனும் பேதையே. சாகுந்தலத்தின் அரச மைத்துனனைப் போலவே, நகை தலைவனிலிருந்து தொடங்கிக் கீழே இறங்குகிறது.

சார்லி சாப்ளின் 1917இல் எடுத்த ‘ஈசி ஸ்ட்ரீட்’ இதனை ஒருபடி உயர்த்தியது. வறுமையில் அலையும் ஒருவன் வேறு வழியின்றிக் காவலனாகச் சேர்கிறான். அவன் பங்குக்குக் கிடைத்த தெருவை ஒரு முரடன் ஆட்டிப்படைக்கிறான். தன் வலிமையைக் காட்டத் தெருவிளக்குத் தூணையே அம் முரடன் வளைக்கிறான். சிறிய காவலனோ அவன் தலையை அவ்விளக்கினுள் மாட்டி, எரிவாயுவைத் திறந்து மயங்கச் செய்கிறான். இங்கே காவலன் எள்ளப்படவில்லை. சீருடைக்குள் இருக்கும் ஏழை மனிதன் வெளிப்படுகிறான். காவலரை நகையாடும் படம் காவலர்மேல் அன்பையும் வளர்க்கக் கூடும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டா.

பினாங்குக் கலைஞரின் பொய்க் கணியன்

இந் நாட்டு நகைச்சுவைக்கு வருவோம். 1929இல் பினாங்கிற் பிறந்தவர் பி. ரம்லி. 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் இசைத்துக்கொண்டிருந்த அவரைக் கண்டு சிங்கப்பூருக்கு அழைத்தவர் இந்திய இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். 1950இல் ‘பக்தி’ என்னும் படத்தில் அவரை முதன்முதற் கதாநாயகனாக்கியவர், சென்னையிற் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழரான எல். கிருஷ்ணன். மலாய்த் திரைக்கலையில் தமிழர் கை உண்டென்பதை இளையோர்க்கு எடுத்துச் சொல்ல இஃதொன்றே போதும்.

ரம்லி இயக்கி 1959இல் வெளிவந்த ‘நுஜும் பா பெலாலாங்’ ஒரு பொய்க் கணியனைப் பற்றிய பழங்கதையைத் தழுவியது. அரசன் வீட்டுப் பொருள் களவு போகிறது. அதனைக் கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு, கணிதமே அறியாத பா பெலாலாங்கின் தலையில் விழுகிறது. தவறினால் உயிர் போகும். அவன் அச்சத்தால் தன் உடலையும் உயிரையும் விளித்துப் புலம்புகிறான். மலாயில் உடலுக்கு ‘பாடான்’, உயிருக்கு ‘ஞாவா’ என்பன பெயர். அருகே மறைந்திருந்த கள்வர் இருவரின் பெயரும் அவையே. தம்மைக் கண்டுகொண்டான் என்று நடுங்கி அவர்களே வந்து பணிகின்றனர்.

இதில் காக்கிச்சட்டை இல்லை. ஆயினும் துப்பறிதல் முழுவதும் இங்கே நகைக்கு ஆளாகிறது. அரசு அறிவென்று போற்றுவது அச்சம். திறமையென்று பரிசளிப்பது தற்செயல். மலாய் மக்கள், சீனர், தமிழர் என்ற வேறுபாடின்றி ரம்லியின் நகைச்சுவைகளை இன்றும் பார்ப்பதற்கு இவ்வடித்தளமே காரணம். 1973இல் அவர் மறைந்தார். அவர் பிறந்த வீடு ஜோர்ஜ் டவுனில் இன்றும் போற்றப்படுகிறது.

வீழ்ந்து எழுந்த ஒரு படம்

காவலரை எள்ளும் படங்களுள் நெடுநாள் வாழ்வது எது என்று கேட்டால், பலர் 1988இல் வெளிவந்த ‘தி நேக்கட் கன்’ என்னும் அமெரிக்கப் படத்தையே கூறுவர். அதன் பிறப்பு வியப்புக்குரியது. சக்கர் உடன்பிறப்பினர் இருவரும் ஆபிரகாம்ஸ் என்பாரும் 1982இல் ‘போலீஸ் ஸ்குவாட்’ என்னும் தொலைக்காட்சித் தொடரை எடுத்தனர். ஆறே பகுதிகளோடு அது நிறுத்தப்பட்டது. ஆறாண்டு கழித்து அதே காவலனைப் பெரிய திரைக்குக் கொண்டுவந்தபோது உலகமே சிரித்தது. 1991இலும் 1994இலும் தொடர்படங்கள் வந்தன. 2025இல் அக் காவலனின் மகனை நாயகனாக்கி மீண்டும் ஒரு படம் வெளிவந்தது.

அதில் நாயகனாக நடித்தவர் லெஸ்லி நீல்சன். அவர் அதற்கு முன் நெடுங்காலம் அழுத்தமான வேடங்களையே ஏற்றவர். 1972இல் வந்த ‘போசைடன் அட்வெஞ்சர்’ படத்திற் கப்பற்றலைவராக நடித்தவர். அதே முகத்தோடும் அதே குரலோடும் அவர் காவல் அதிகாரியாக வருகிறார். தன் வண்டி தானாக உருண்டோடுவதைக் கண்டு, கள்வன் ஓட்டிச் செல்கிறான் என்றெண்ணித் தானே சுடுகிறார். இங்கிலாந்து அரசியாரைக் காக்கப் பாய்ந்து, விருந்து மேசையின்மீது அவரோடு வழுக்கிக்கொண்டு போகிறார். எவ்விடத்தும் அவர் முகத்திற் சிரிப்பில்லை, ஐயமும் இல்லை.

இப் படம் வாழ்வதன் காரணம் இங்கேதான் உள்ளது. தான் தவறக்கூடும் என்ற எண்ணமே எழாத அதிகாரியை அது காட்டுகிறது. பேதை ஒருவன் தன்னைப் பேதையென அறிந்தால் நகை குறையும். பேரறிவாளன் எனக் கருதினால் நகை பெருகும். அத்தகைய அதிகாரியை உலகின் எந்நாட்டு மக்களும் அறிவர். ஆதலின் அப் படத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டுமேயன்றி விளக்கம் வேண்டா.

தமிழ்த்திரையில் இருவகைக் காவலர்

தமிழ்த்திரைப்படம் இவ்விடத்தில் வேறு வழியிற் சென்றது. அது காவலரை இரண்டாகப் பிரித்தது. அதிகாரி ஒருபுறம், கடைநிலைக் காவலர் மறுபுறம். ‘தங்கப் பதக்கம்’ (1974), ‘மூன்று முகம்’ (1982), ‘வால்டர் வெற்றிவேல்’ (1993), ‘சாமி’ (2003), ‘சிங்கம்’ (2010) என அதிகாரியைப் போற்றும் படங்கள் வரிசையாக வந்தன. இவற்றிற் சிலவற்றில் நடிப்பின் உயர்வு மறுக்கவொண்ணாதது; ‘தங்கப் பதக்கத்’தில் சிவாஜி கணேசன் கடமைக்கும் பாசத்துக்கும் இடையே நின்ற நிலை மறக்கத்தக்கதன்று. ஆயினும் காலம் செல்லச் செல்ல அதிகாரியின் சினமே அறமாயிற்று; அவர் துப்பாக்கியே தீர்ப்பாயிற்று.

சிரிப்பு யார்மேல் விழுந்தது? தொந்தி சரிந்த, தொப்பி நழுவும், சம்பளம் போதாத கடைநிலைக் காவலர்மேல் விழுந்தது. ‘மருதமலை’ (2007) படத்தில் வடிவேலு நடித்த ‘என்கவுண்டர் ஏகாம்பரம்’ இவ்வகையின் உச்சி. பெயரிலே வீரம், செயலிலே நடுக்கம். ஒரு பெண்ணுக்கு உரிமை கோரி ஒருவர்பின் ஒருவராக நிலையத்துக்கு வர, வழக்கைத் தீர்க்க வகையறியாது அவர் விழிக்கும் காட்சியைத் தமிழர் வாழும் நாடெங்கும் மக்கள் மனப்பாடமாகக் கூறுவர். வடிவேலுவின் கலை பெரிது. விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லுதலைக் குறிக்கும் சொல்லையே கோழையின் பட்டப்பெயராக்கிய எள்ளல் கூரியது. எனினும் அதே படத்தில் வீரம் முழுவதும் நாயகனுக்கே உரித்தாகிறது. கட்டியக்காரன் தன்னை மட்டும் கேலி செய்துகொண்டு, துரியோதனனை விட்டுவிட்டதற்கு இஃது ஒப்பாகும்.

இந் நிலையை மாற்ற முயன்றவர் சி. எஸ். அமுதன். அவர் 2010இல் இயக்கிய ‘தமிழ்ப் படம்’ தமிழ்த் திரைநாயகர்களின் வழக்கமான செயல்களையே கேலிப்பொருளாக்கியது. 2018இல் வந்த ‘தமிழ்ப் படம் 2’ நாயகனைக் காவல் உதவி ஆணையராக்கியது. அவ்வேடத்தில் வந்த சிவா, நீல்சனைப் போலவே முகம் மாறாமல் எல்லா வீரமும் செய்கிறார். இம்முறை நகை அதிகாரியின்மேல் விழுந்தது. நெடுநாள் கைதட்டிய அவையோர், தாம் எதற்குக் கைதட்டினோம் என்று எண்ணிச் சிரித்தனர்.

நகை செய்யும் பணி

இதனால் விளையும் பயன் யாது என்று சிலர் வினவலாம். விடை 2020இல் கிடைத்தது. அவ்வாண்டு சூன் திங்களில் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், ஊரடங்குக் காலத்திற் கடை திறந்திருந்தது பற்றிய வழக்கிற் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலில் நேர்ந்த கொடுமையால் இறந்தனர். தமிழுலகம் நடுங்கியது. ‘சாமி’, ‘சிங்கம்’ ஆகிய படங்களை இயக்கிய ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வருந்துவதாக வெளிப்படையாக அறிக்கை விடுத்தார். திரையில் வந்த அடிக்கு ஓசை மட்டுமன்று, நோவும் உண்டு என்பதை அவரே உணர்ந்துரைத்த நாள் அது.

மலேசியத் தமிழருக்கும் இது வேற்றூர்ச் செய்தியன்று. 2009 சனவரியில் சிலாங்கூரில் தமிழிளைஞர் ஒருவர் காவலில் இறந்தபோது இந் நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பட்ட துயரம் பலர் நினைவில் உள்ளது. அதற்கு முன்னரே, 2005இல், காவல்துறையை ஆராய்ந்த அரச ஆணையம், காவலர்மீதான முறையீடுகளை விசாரிக்கத் தனி அமைப்பு வேண்டுமெனப் பரிந்துரைத்திருந்தது. மறுபுறம், தோட்டத்திற் பிறந்து சீருடை அணிந்து நேர்மையோடு உழைத்து ஓய்வுபெற்ற தமிழ்க் காவலரும் இந் நாட்டில் உள்ளனர். அவர்கள் உழைப்பை எண்ணாமல் காவலரெல்லாம் கொடியர் எனக் கூறுதல் அறியாமை. தவறே செய்யார் எனக் கூறுதல் மடமை. நல்ல நகைச்சுவை இவ்விரண்டிற்கும் இடந்தராது.

மாணவர் இத்தகைய படங்களைப் பார்த்துக் கெடுகின்றனர் என்று கவலையுறும் ஆசிரியரும் பெற்றோரும் உளர். தடுத்தலால் பயனில்லை, படம் அவர்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. சாகுந்தலத்துச் செம்படவனையும் சிலம்பின் காவலரையும் ஒரே வகுப்பில் ஒருசேரப் பாடஞ் சொல்லிவிட்டு, அவர்கள் விரும்பும் காட்சி ஒன்றைப் பற்றி ஒரு வினாவை மட்டும் எழுப்புதல் நலம். இந்தச் சிரிப்பு யார்மேல் விழுகிறது? எளியவன் மேலா, வலியவன் மேலா? பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் இதற்கு விடை கூறும்.

கோவலனைச் சூழ்ந்து நின்ற காவலருள் ஒருவனுக்கு ஐயம் பிறந்தது. அவன் சொல்லைப் பொற்கொல்லன் எள்ளி அடக்கினான், மற்றவர் வாளாவிருந்தனர். அன்று எள்ளப்பட வேண்டியவன் ஐயுற்றவன் அல்லன், ஐயமே இல்லாதவன். நகையைச் சேர வேண்டிய இடத்திற் சேர்ப்பிக்கும் கலையே கட்டியக்காரன் கலை. அதனைச் செய்யும் படங்கள் நூறாண்டு கழித்தும் மக்களைச் சிரிக்க வைக்கும். ஐயுறுவோரின் சொல்லுக்கு அவையிலே ஓர் இடமும் தேடித் தரும்.